ஜிங்க் மாத்திரை வாங்கும் முன்: உணவுத் தட்டில் துத்தநாகத்தைக் கணக்கிடும் வழி

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள துத்தநாகம் (ஜிங்க்) மொத்தமே ஏறக்குறைய 2 கிராம். அதில் சுமார் 60 சதவீதம் தசைகளில், 30 சதவீதம் எலும்புகளில் இருக்கிறது. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் ஓடுவது 0.1 சதவீதம் அளவுதான். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள். இரத்தப் பரிசோதனை ஏன் பல நேரம் நம்மைக் குழப்புகிறது என்பதற்கு விளக்கம் அதில்தான் இருக்கிறது.

உடல் இரும்பை ஃபெரிட்டினாகக் கல்லீரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். துத்தநாகத்துக்கு அப்படி ஒரு சேமிப்பு கிடையாது. எலும்பிலும் தசையிலும் இருப்பதைத் தட்டுப்பாட்டின்போது தாராளமாக எடுத்துச் செலவழிக்க உடலால் முடியாது. அதனால் அது நாள்தோறும் உணவில் வந்தாக வேண்டும்.

வேலையோ ஏராளம். 300க்கும் மேற்பட்ட நொதிகளுக்குத் துத்தநாகம் தேவை. மரபணுக்களை இயக்கும், நிறுத்தும் புரதங்களில் ஒரு பெரிய வகை, துத்தநாக அணுவைச் சுற்றி மடிந்தால்தான் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் வடிவத்தையே பெறுகிறது. கணையத்தில் இன்சுலின் சேமிக்கப்படுவதும் ஆறு மூலக்கூறுகள் துத்தநாகத்தைச் சுற்றிச் சேர்ந்த தொகுப்பாகத்தான். செல்கள் வேகமாகப் பிரியும் இடங்களில் தேவை அதிகம். ஆகவே தோல், குடலின் உட்படலம், நோய் எதிர்ப்புச் செல்கள், வளரும் குழந்தையின் உடல் ஆகியவற்றில்தான் குறைபாடு முதலில் வெளிப்படும்.

இந்த வழிகாட்டி சொல்ல வருவது ஒன்றுதான்: உணவில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதைவிட, குடல் சுவரைக் கடந்து எவ்வளவு உள்ளே போகிறது என்பதே முக்கியம். அதைக் கணக்கிடாமல் மாத்திரைக்குப் போவது பெரும்பாலும் தேவையற்ற செலவு, சில வேளைகளில் ஆபத்து.

முதல் படி: உங்கள் தேவையைக் குறித்துக்கொள்ளுங்கள்

அமெரிக்க மருத்துவக் கழகம் 2001இல் வெளியிட்ட பரிந்துரை அளவுகள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுபவை. நாளொன்றுக்கு, மில்லிகிராமில்:

- 7 மாதம் முதல் 3 வயது வரை: 3
- 4 முதல் 8 வயது: 5
- 9 முதல் 13 வயது: 8
- 14 முதல் 18 வயது: ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 9
- 19 வயதுக்கு மேல்: ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 8
- 19 வயதுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் 11, பாலூட்டும் தாய்மார் 12

இவை உணவில் இருக்க வேண்டிய அளவுகள். உடலுக்குள் உண்மையில் உறிஞ்சப்பட வேண்டியது இதைவிட மிகக் குறைவு. அதே கழகத்தின் கணக்குப்படி சராசரி ஆணுக்கு நாளுக்கு ஏறத்தாழ 3.8 மி.கி., பெண்ணுக்கு 3.3 மி.கி. போதும். எஞ்சியது உறிஞ்சப்படாமல் போய்விடும் என்று எதிர்பார்த்தே பரிந்துரை எண்ணைக் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை வெளிப்படையாகவே செய்திருக்கிறது. துத்தநாகம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் பைட்டேட் என்ற பொருள் உணவில் 300 மி.கி. மட்டுமே இருந்தால் ஆணுக்கு 9.4 மி.கி. துத்தநாகம் போதும், 1200 மி.கி. இருந்தால் 16.3 மி.கி. வேண்டும். பெண்களுக்கு இதே வரம்பு 7.5 முதல் 12.7 வரை. முழுத் தானியமும் பருப்பும் பிரதானமாக உண்பவர்கள் மேல் எண்ணையே தங்கள் இலக்காகக் கொள்ள வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை.

இரண்டாம் படி: மூன்று நாள் உணவை எழுதி, துத்தநாகத்தைக் கூட்டுங்கள்

வழக்கமான இரண்டு வேலை நாள்களையும் ஒரு விடுமுறை நாளையும் தேர்ந்தெடுங்கள். சாப்பிட்டதை எடையோடு குறியுங்கள். "ஒரு கிண்ணம்" என்று எழுதினால் கணக்கு எளிதில் இரட்டிப்பாகிவிடும். சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. வேகவைத்த எடையா, பச்சை எடையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தொடங்குபவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். வேகவைத்த 100 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 1.5 மி.கி. துத்தநாகம்தான் உண்டு. தண்ணீர் குடித்துப் பருத்ததால், உலர்ந்த கடலையில் இருப்பதில் பாதிதான் அதே எடையில் கிடைக்கும்.

கணக்கிட உதவும் தோராய அளவுகள், 100 கிராமுக்கு: சிப்பி வகைகள் 16 முதல் 39 மி.கி. வரை (வேறு எந்த உணவும் இதற்குப் பக்கத்தில் வராது), சமைத்த மாட்டிறைச்சி 5 முதல் 8, கோழிக்கால் இறைச்சி 2.5, கோழியின் மார்பு இறைச்சி 1, பூசணி விதையும் எள்ளும் 7.5க்கு மேல், முந்திரி 5.7, ஓட்ஸ் 4, முழுக்கோதுமை மாவு 2.7, வெள்ளை மாவு 0.7, வேகவைத்த பருப்பு 1.3. ஒரு முட்டையில் 0.6 மி.கி. 250 மி.லி. பாலில் 1 மி.கி. காய்கறி, பழங்களில் பெரும்பாலும் அரை மில்லிகிராமுக்கும் குறைவு. பழமும் காய்கறியும் நிறையச் சாப்பிடுவதால் துத்தநாகம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அவற்றைச் சாப்பிட வேறு நல்ல காரணங்கள் உள்ளன; இது அவற்றில் ஒன்றல்ல.

மூன்றாம் படி: பைட்டேட்டைக் கணக்கில் சேருங்கள்

விதைகள் தங்கள் பாஸ்பரசைச் சேமித்து வைக்கும் வடிவம்தான் பைட்டிக் அமிலம். அதன் உப்பு பைட்டேட். முளைக்கும் செடிக்கு அது உணவு. நம் குடலிலோ அது துத்தநாகத்தோடு இறுகப் பிணைந்து கரையாத கூட்டுப்பொருளாகிவிடும். அதைப் பிரிக்கும் நொதி மனிதக் குடலில் மிகக் குறைவு. பிணைந்த துத்தநாகம் அப்படியே வெளியேறிவிடும்.

இந்த உண்மை மருத்துவ உலகுக்குப் புரியத் தொடங்கியது 1961இல். ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றிய ஆனந்த பிரசாத் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், வளர்ச்சி குன்றி, பருவமடையாமல், கடும் இரத்தசோகையோடு வந்த இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். 21 வயதான ஒருவர் பத்து வயதுச் சிறுவனைப்போல் இருந்தார். அவர்கள் உண்டது பெரும்பாலும் புளிக்கவைக்காத கோதுமை ரொட்டி. இறைச்சி கிட்டத்தட்ட இல்லை. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. கோதுமையில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. பைட்டேட் அதை விடவில்லை. பிறகு எகிப்தில் இதேபோன்ற நோயாளிகளிடம் துத்தநாகக் குறைபாட்டை 1963இல் அளந்து நிறுவினார்கள். துத்தநாகம் கொடுக்கப்பட்டவர்கள் ஒரே ஆண்டில் 12 செ.மீ.க்கு மேல் வளர்ந்தார்கள். அமெரிக்கா துத்தநாகத்துக்குத் தினசரிப் பரிந்துரை அளவை வகுத்தது 1974இல்.

கணக்கு எளிது. பைட்டேட்டின் மில்லிகிராமை 660ஆல் வகுங்கள். துத்தநாகத்தின் மில்லிகிராமை 65.4ஆல் வகுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவது பைட்டேட்-துத்தநாக மோலார் விகிதம். உலக சுகாதார நிறுவனத்தின் பிரிவுகள் இவை: விகிதம் 5க்குக் கீழ் என்றால் ஏறத்தாழ 50 சதவீதம் உறிஞ்சப்படும், 5 முதல் 15 வரை என்றால் 30 சதவீதம், 15க்கு மேல் என்றால் 15 சதவீதம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் நாளுக்கு 250 கிராம் முழுக்கோதுமை மாவை, புளிக்கவைக்காத ரொட்டியாகச் சாப்பிடுகிறார். துத்தநாகம் சுமார் 7 மி.கி. பைட்டேட் 100 கிராமுக்கு 800 மி.கி. என்று வைத்தால் 2000 மி.கி. 2000ஐ 660ஆல் வகுத்தால் 3.03. 7ஐ 65.4ஆல் வகுத்தால் 0.107. விகிதம் 28. ஆக உறிஞ்சப்படுவது 15 சதவீதம், அதாவது 1 மி.கி.க்குச் சற்று மேல்.

அதே மாவை நன்றாகப் புளிக்கவைத்துப் பைட்டேட்டைப் பாதியாக்கினால் விகிதம் 14. உறிஞ்சப்படுவது 2.1 மி.கி. ஒரு மில்லிகிராம்கூடக் கூடுதலாகச் சாப்பிடாமல் உள்ளே போவது இரட்டிப்பாகிறது. அதோடு 5 மி.கி. துத்தநாகம் தரும் 100 கிராம் இறைச்சியைச் சேர்த்தால் மொத்தம் 12 மி.கி., விகிதம் 8, உறிஞ்சப்படுவது 3.6 மி.கி. பெண்ணின் தேவையைத் தாண்டிவிட்டது. ஆணின் தேவைக்குச் சற்றே குறைவு.

இந்தச் சதவீதங்கள் படிக்கட்டுபோல் திடீரென மாறுபவை அல்ல. விகிதம் 14.9க்கும் 15.1க்கும் உடல் வேறுபாடு காட்டாது. உண்ணும் துத்தநாகம் கூடக்கூட உறிஞ்சும் சதவீதமும் குறையும். ஆகவே விடையைத் திசைகாட்டியாகக் கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

பைட்டேட்டைப் பற்றிப் படித்தவுடன் சிலர் முழுத் தானியத்தை விட்டு வெள்ளை மாவுக்கு மாறிவிடுகிறார்கள். இது தவறு. தவிட்டோடு பைட்டேட் போகும். துத்தநாகத்தில் முக்கால் பங்கும் போய்விடும். 250 கிராம் வெள்ளை மாவில் இருப்பதே 1.75 மி.கி.தான். அதில் பாதி உறிஞ்சப்பட்டாலும் 0.9 மி.கி. தாண்டாது. புளிக்கவைக்காத முழுமாவே அதைவிடக் குறையவில்லை. புளிக்கவைத்தால் வெள்ளை மாவு போட்டியிலேயே இல்லை.

பூசணி விதை, எள் பற்றியும் ஒரு வார்த்தை. துத்தநாகம் நிறைந்தவை என்று எல்லாப் பட்டியலிலும் முதலில் வருகின்றன. உண்மைதான். ஆனால் பைட்டேட்டும் அவற்றில் மிக அதிகம். ஒரு கைப்பிடி விதையை நம்பி மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: சமையலறையில் பைட்டேட்டை உடையுங்கள்

தானியத்துக்குள்ளேயே பைட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. முளைக்கும் காலத்தில் பைட்டேட்டை உடைத்துச் செடிக்குக் கொடுப்பது அதன் வேலை. சமையலறையில் நாம் செய்வதெல்லாம் அந்த நொதிக்கு ஈரமும் மிதமான சூடும் லேசான புளிப்பும் நேரமும் கொடுப்பதுதான். கோதுமை, கம்புக் கோதுமை எனப்படும் ரை, பார்லி ஆகியவற்றில் இந்த நொதி நிறைய உண்டு. அரிசி, சோளம், மக்காச்சோளம், பருப்பு வகைகளில் குறைவு.

*புளிக்கவைத்தல்* எல்லாவற்றிலும் பலனுள்ளது. புளித்த மாவில் அமிலம் கூடும்போது கோதுமையின் பைட்டேஸ் மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்யும். முந்தைய மாவிலிருந்து எடுத்து வைத்த புளிப்பைச் சேர்த்து 8 முதல் 12 மணி நேரம் அறைச் சூட்டில் விட்டால் பைட்டேட் பாதிக்கு மேல் குறைவது வழக்கம். ஈஸ்ட் மட்டும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் சுடும் ரொட்டியில் பலன் குறைவு. சமையல் சோடா போட்டு உப்பவைத்த ரொட்டியில் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது. சோடா மாவைக் காரமாக்குகிறது, நேரமும் கொடுப்பதில்லை. பார்ப்பதற்கு இரண்டும் உப்பியிருக்கும். துத்தநாகத்தைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு உணவு.

*ஊறவைத்தல்*: பருப்பு, பயறு வகைகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் வேகவையுங்கள். பைட்டேட்டில் ஒரு பகுதி நீரில் கரைந்து போகும். துத்தநாகமும் கொஞ்சம் போகும், ஆனால் விகிதம் மேம்படும். தானியத்தை முழுதாக ஊறவைப்பதைவிட உடைத்தோ மாவாக்கியோ ஊறவைப்பது அதிகப் பலன் தரும். நீரும் நொதியும் உள்ளே எட்டுவதற்குப் பரப்பு கூடுகிறது.

*முளைகட்டுதல்*: ஊறியதை வடித்து, ஈரத்துணியில் 2 முதல் 3 நாள் வையுங்கள். முளை வரவர பைட்டேஸ் பெருகும். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். முளைவிடும் சூடும் ஈரமும் பாக்டீரியாவுக்கும் பிடித்தமானவை. தினம் இரண்டு, மூன்று முறை நல்ல நீரில் அலசுங்கள். சாப்பிடும் முன் வேகவையுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சை முளையைத் தொடவே வேண்டாம்.

பலன் கிடைக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் வெப்பம். பைட்டேட் வெப்பத்தைத் தாங்கும், பைட்டேஸ் தாங்காது. வறுத்த தானியத்தை ஊறவைத்தால் நொதி ஏற்கெனவே இறந்திருக்கும். கடையில் கிடைக்கும் ஓட்ஸ் ஆலையிலேயே சூடாக்கப்பட்டது என்பதால் இரவெல்லாம் ஊறினாலும் பைட்டேட் அதிகம் குறையாது. வழி இருக்கிறது: ஊறவைக்கும்போது பத்தில் ஒரு பங்கு புதிதாக அரைத்த ரை அல்லது கோதுமை மாவைக் கலந்து, வெதுவெதுப்பான நீரில் விடுங்கள். அந்த மாவின் நொதி ஓட்ஸின் பைட்டேட்டையும் உடைக்கும். குக்கரில் வேகவைத்தால் பைட்டேட் அழிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. முதலில் ஊறல், பிறகு நெருப்பு.

பைட்டேட்டைத் தவிர மற்றவை: இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றின் புரதம் அதே வேளையில் உண்ணும் தானியத்தின் துத்தநாகத்தையும் எளிதாக உறிஞ்சவைக்கும். காபி, தேநீர் பெரிதும் தடுப்பது இரும்பை. துத்தநாகத்துக்கு அவை பெரிய இடையூறு அல்ல.

ஐந்தாம் படி: சந்தேகப்பட வேண்டியவர்கள் யார்?

மிதமான குறைபாட்டுக்கென்று தனி அடையாளம் இல்லை. அதுதான் சிக்கல். பசியின்மை, சுவை மங்குதல், அடிக்கடி தொற்று, ஆறத் தாமதமாகும் புண், முடி உதிர்தல், குழந்தையின் உயரம் ஏறாமல் நிற்றல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வேறு பல காரணங்கள் உண்டு. நகத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் துத்தநாகம் குறைவு என்ற பேச்சை நம்பி மாத்திரை வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் நகத்தின் வேரில் பட்ட சிறு அடியின் தடம்.

கடுமையான குறைபாடு வேறு விதம். வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் கைகால்களிலும் சிவந்து உரியும் புண், முடி கொட்டல், தீராத வயிற்றுப்போக்கு மூன்றும் ஒன்றாக வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தாய்ப்பால் நிறுத்திய சில வாரங்களில் குழந்தைக்கு இப்படி வந்தால், குடலில் துத்தநாகத்தை ஏற்றும் புரதம் பிறவியிலேயே பழுதான அரிய நோயாக இருக்கலாம். ஒரு காலத்தில் உயிரைக் குடித்த நோய் அது. இன்று வாழ்நாள் முழுதும் துத்தநாகம் கொடுத்தால் குழந்தை இயல்பாக வளரும்.

அறிகுறியைவிட சூழ்நிலையைப் பார்ப்பது பயனுள்ளது. இறைச்சி உண்ணாதவர்கள், குறிப்பாகப் பாலும் முட்டையும் தவிர்ப்பவர்கள், கர்ப்பிணிகள், குரோன் நோய், சீலியாக் நோய் உள்ளவர்கள், எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை செய்தவர்கள், மது அதிகம் அருந்துபவர்கள், அரிவாள் செல் சோகை உள்ளவர்கள், தயசைடு வகை நீர்ப்பெருக்கி மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்கள் ஆகியோர் கவனமாக இருக்க வேண்டும்.

ஆறு மாதத்தைத் தாண்டியும் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவித்த இரண்டாம் வாரத்தில் ஒரு லிட்டர் தாய்ப்பாலில் சுமார் 4 மி.கி. துத்தநாகம் இருக்கும். ஆறாம் மாதத்தில் அது 1.2 மி.கி. தாய் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் இந்த இறக்கம் நடக்கும். அவரிடம் குறையேதும் இல்லை. குழந்தையின் தேவையோ 3 மி.கி. எனவே ஆறாம் மாதத்தில் இணை உணவு தொடங்கும்போது வெறும் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்தாமல், மசித்த இறைச்சி, முட்டை, அல்லது துத்தநாகம் செறிவூட்டிய குழந்தை உணவைச் சேருங்கள். தாய்ப்பாலும் தொடரட்டும்.

ஆறாம் படி: இரத்தப் பரிசோதனை எடுத்தால், சரியாக எடுங்கள்

தொடக்கத்தில் சொன்ன அந்த 0.1 சதவீதத்தைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. பிளாஸ்மா துத்தநாகம் காலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். சாப்பிட்டால் இறங்கும். தொற்றோ வீக்கமோ இருந்தால் உடல் அதைக் கல்லீரலுக்குள் இழுத்துக்கொள்ளும். காய்ச்சலோடு போய் எடுத்த பரிசோதனையில் எண் குறைந்திருந்தால் அது குறைபாட்டைக் காட்டவில்லை, காய்ச்சலைத்தான் காட்டுகிறது.

எனவே காலையில் வெறும் வயிற்றில், காய்ச்சல், சளி தீர்ந்து ஓரிரு வாரம் ஆன பிறகு, அன்று ஜிங்க் மாத்திரை போடாமல் போங்கள். ஆய்வகத்தில் நுண்கனிமப் பரிசோதனைக்கான அடர்நீல மூடிக் குழாயைக் கேளுங்கள்; சாதாரணக் குழாயின் ரப்பர் அடைப்பிலிருந்தே துத்தநாகம் கலந்துவிடக்கூடும். சிவப்பணுக்கள் உடைந்தாலும் உள்ளிருக்கும் துத்தநாகம் கசிந்து எண்ணைப் பொய்யாக உயர்த்தும். உடலில் வீக்கம் இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி., இரத்தப் புரதமான அல்புமின் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். அல்புமின் தாழ்ந்திருந்தால் துத்தநாகமும் தாழ்ந்தே தெரியும்.

வெறும் வயிற்றில் காலையில் எடுத்த மாதிரியில் பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 70 மைக்ரோகிராம், ஆண்களுக்கு 74 ஆகியவற்றுக்குக் கீழே இருந்தால் குறைவு எனக் கொள்ளப்படுகிறது. கர்ப்பகாலத்தில் இரத்தம் நீர்த்துப்போவதால் இந்த எல்லை பொருந்தாது. எண் இயல்பாக இருந்தாலும் மிதமான குறைபாடு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. தலைமுடியைப் பரிசோதித்து அறிக்கை தருபவர்களிடம் பணம் செலவழிக்க வேண்டாம். தனிநபருக்கு அது நம்பத்தக்க அளவுகோல் அல்ல.

ஏழாம் படி: மாத்திரை என்றால், எழுத்தைப் படியுங்கள்

அட்டையில் உள்ள பெரிய எண் பல நேரம் உப்பின் எடை. உங்களுக்கு வேண்டியது அதிலுள்ள துத்தநாகத்தின் எடை. ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டில் 23 சதவீதம், மோனோஹைட்ரேட்டில் 36, குளுக்கோனேட்டில் 14, அசிட்டேட்டில் 30, சிட்ரேட்டில் ஏறக்குறைய 31 முதல் 34, ஆக்சைடில் 80 சதவீதம். 220 மி.கி. ஹெப்டாஹைட்ரேட் மாத்திரையில் 50 மி.கி. துத்தநாகம் உண்டு, 50 மி.கி. குளுக்கோனேட்டில் 7 மி.கி.தான். "50" என்று இரண்டிலும் வாசித்துக் குழம்புபவர்கள் ஏழு மடங்கு தவறுகிறார்கள்.

ஆக்சைடில் சதவீதம் அதிகம் என்றாலும் சிட்ரேட், குளுக்கோனேட் அளவுக்கு அது உறிஞ்சப்படுவதில்லை. மருத்துவர் குறிப்பிட்டு எழுதாத பட்சத்தில் இவ்விரண்டில் ஒன்று நல்ல தேர்வு. உணவை மேம்படுத்தியும் பற்றாக்குறை என்றால், நாளுக்கு 8 முதல் 15 மி.கி. துத்தநாகம் பெரியவர்களுக்குப் போதுமானது. 50 மி.கி. என்பது சிகிச்சை அளவு. மருத்துவர் சொல்லாமல் அங்கே போகாதீர்கள்.

வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும், ஆனால் குமட்டும். குமட்டினால் பைட்டேட் குறைந்த சிறு உணவோடு போடுங்கள். இரும்பு மாத்திரையை 25 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுப்பவர்கள் இரண்டையும் ஒரே வேளையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டாம்; ஒன்றையொன்று தடுக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்குகளோடு துத்தநாகம் பிணைந்து மருந்தையே வீணாக்கும். மருந்தை ஜிங்குக்கு 2 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் பின்போ எடுங்கள்.

சளிக்குச் சப்பும் ஜிங்க் மாத்திரைகள் சளி நாள்களைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று சில ஆய்வுகளும், பலனில்லை என்று சிலவும் சொல்கின்றன. மூக்கில் விடும் ஜிங்க் மருந்துகளை மட்டும் கட்டாயம் தவிருங்கள். மோப்ப சக்தி நிரந்தரமாகப் போன நிகழ்வுகளால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது.

எட்டாம் படி: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால்

துத்தநாகம் ஐயமின்றி உயிர் காக்க உதவும் இடம் இது. 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இணைந்து பரிந்துரைத்தவை: ஓ.ஆர்.எஸ். கரைசலோடு நாளுக்கு 20 மி.கி. துத்தநாகம், 10 முதல் 14 நாள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 10 மி.கி. இந்தியாவிலும் தான்சானியாவிலும் நடந்து 2020இல் வெளியான பெரிய ஆய்வில் 5, 10 மி.கி. அளவுகளும் இணையான பலனே தந்தன, வாந்தி குறைந்தது. எந்த அளவு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கரையும் மாத்திரையை ஒரு தேக்கரண்டி தாய்ப்பாலிலோ கொதித்தாறிய நீரிலோ கரைத்துக் கொடுங்கள். அரை மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் ஒருமுறை மீண்டும் கொடுக்கலாம். பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பிழை, மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவது. வயிற்றுப்போக்கில் இழந்த துத்தநாகத்தை ஈடுகட்டவும் அடுத்த சில மாதங்களில் அது திரும்புவதைக் குறைக்கவும்தான் மீதி நாள்கள். ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஜிங்க் மாற்று அல்ல. நீரிழப்பை ஈடுகட்டுவது கரைசல் மட்டுமே. மலத்தில் இரத்தம், குழிந்த கண், எதையும் குடிக்க முடியாத நிலை, மயக்கம் எதுவாயினும் உடனே மருத்துவமனை.

ஒன்பதாம் படி: மிகுந்தால் என்ன ஆகும், எப்போது நிறுத்துவது

பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்கு 40 மி.கி. உச்ச வரம்பு, ஐரோப்பாவில் 25 மி.கி. 1 முதல் 3 வயதுக்கு 7 மி.கி. வயிற்றுப்போக்குச் சிகிச்சை இதைத் தாண்டுவது குறுகிய காலத்துக்கு என்பதால் ஏற்கத்தக்கது; அதே அளவை மாதக்கணக்கில் "சத்துக்காக" கொடுப்பது தவறு. ஒரே நேரத்தில் 225 மி.கி.க்கு மேல் உட்கொண்டால் வாந்தி வரும். துத்தநாகம் பூசிய இரும்புப் பாத்திரத்தில் புளிப்பான பானத்தை ஊற்றி வைத்தாலே இது நேரலாம்.

மெல்ல வரும் ஆபத்து செம்புக் குறைபாடு. துத்தநாகம் மிகும்போது குடலின் செல்கள் மெட்டாலோதயோனின் என்ற புரதத்தைப் பெருக்கும். அது துத்தநாகத்தைவிடச் செம்பை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். சில நாளில் அந்தச் செல்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். செம்பு மிகும் வில்சன் நோய்க்குத் துத்தநாகம் மருந்தாவது இதே காரணத்தால்தான். மற்றவர்களுக்கு அதே வழிமுறை கேடு. இரும்புக்கு அடங்காத இரத்தசோகை, வெள்ளையணு குறைவு, பாதங்களில் மரத்தல், நடையில் தள்ளாட்டம் என்று வரும். நரம்புச் சேதம் சில வேளை முழுமையாகத் திரும்புவதில்லை. துத்தநாகம் கலந்த பல்செட் ஒட்டும் பசையை நாள்தோறும் மிதமிஞ்சிப் பூசியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது.

கண்ணின் விழித்திரைச் சிதைவுக்காக 80 மி.கி. எடுப்பவர்களின் மருந்தில் 2 மி.கி. செம்பு சேர்க்கப்பட்டிருப்பதும் இதற்காகத்தான். மருத்துவ ஆலோசனையில் 40 மி.கி.யைத் தாண்டி மாதக்கணக்கில் எடுக்க நேர்ந்தால், இரத்தத்தில் செம்பு, செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், முழு இரத்த அணு எண்ணிக்கை மூன்றையும் இடையிடையே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தானாக எடுக்கும் சிறு அளவு மாத்திரைக்கும் ஒரு முடிவு நாள் வையுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டாம் படியின் உணவுக் குறிப்பை மறுபடி எழுதுங்கள். கணக்கில் உறிஞ்சப்படும் அளவு 3.3 அல்லது 3.8 மி.கி.யை எட்டியிருந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம். எட்டவில்லை என்றால் எந்த வேளை உணவில் பைட்டேட் குவிகிறது என்று பாருங்கள். மாவை ஊறவைக்கும் நேரத்தையோ புளிக்கவைக்கும் நேரத்தையோ முதலில் மாற்றிவிட்டு, அதன் பிறகே மாத்திரையைத் தொடர்வதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.